விழும்போது கூடை கனக்கவில்லை

தையல்நாயகி அக்கா கையை உயர்த்திக் கேள்வி கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், பொதுச் சார்பியல் எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் நான் இயற்பியல் நடத்துகிறேன். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, ஞாயிறன்று மட்டும் வந்து பி.எஸ்சி. படிக்கிறவர்களுக்கான வகுப்பு அது. மருந்துக் கடையில் நிற்பவர், பஸ் கண்டக்டர், குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் உட்காரும் நிவேதா என்று மொத்தம் இருபத்திரண்டு பேர். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வகுப்பில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். தையல்நாயகியை மட்டும் ஏனோ முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் ஒரு எடை மேடை இருக்கிறது. உப்பு ஏற்றிய லாரிகள் வந்து மேடைமேல் நிற்கும். எடை பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. பதினான்கு வருஷமாக அதே நாற்காலி. பிளஸ் டூவில் இயற்பியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர். அதற்கு மேல் படிக்க அன்றைக்கு வீட்டில் தோதுப்படவில்லை. மகள் இலக்கியா நர்சிங் படிக்கச் சென்னைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதாம். எவ்வளவு நேரம்தான் டிவி பார்ப்பது என்று இங்கே வந்து சேர்ந்தார்.

அந்த ஞாயிறன்று சிறப்புச் சார்பியல் பாடம் முடிந்திருந்தது. ஈர்ப்பை இழுப்பாக இல்லாமல் வளைவாகப் பார்க்கிற பொதுச் சார்பியல் எங்கள் பாடத்திட்டத்தில் கிடையாது. ஆசைக்காக நானே ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் டிரம்மின் வாயில், லெக்கின்ஸ் தைக்கிற நீளும் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் விளையாட்டுப் பிரிவிலிருந்து வாங்கி வந்த இரும்புக் குண்டை வைத்தேன். துணி குழிந்தது. ஓரத்தில் ஒரு கோலியை உருட்டிவிட்டதும் அது சுற்றிச் சுற்றி வந்து குண்டிடம் சேர்ந்தது. குண்டு சூரியன், கோலி பூமி, காலமும் இடமும் சேர்ந்த காலவெளியை நிறை வளைக்கிறது, அந்த வளைவில்தான் மற்றவை ஓடுகின்றன என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அந்தக் கை உயர்ந்தது.

"சார், அந்தக் குண்டு துணியை ஏன் அமுக்குது?"

கனமாக இருப்பதால் என்றேன்.

"கனம்னா பூமி இழுக்கறதுதானே சார். இழுப்புன்னு தனியா ஒண்ணும் இல்ல, வளைவுதான் இருக்குதுன்னு காட்டத்தானே துணி கட்டுனீங்க? இப்ப துணி வளையறதுக்கே கீழ ஒரு பூமி இழுக்க வேண்டியிருக்குதே."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இன்னொன்றும் கேட்டார். கீழே பூமியே இல்லையென்றால், குழிந்த துணியின் சரிவில் கோலியைச் சும்மா வைத்தால் அது வைத்த இடத்திலேயே அல்லவா நிற்கும், எதற்காக உருள வேண்டும் என்றார்.

இது வெறும் மாதிரிதான், எல்லா மாதிரியிலும் ஒரு குறை இருக்கும் என்று சொல்லி மழுப்பினேன். சரிங்க சார் என்று அவர் உட்கார்ந்துகொண்டார். எடை சரியாகக் காட்டாத மேடையைப் பார்ப்பதுபோல ஒருமுறை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லூரியில் படித்த புத்தகங்களைத் தேடி எடுத்துத் திரும்பப் படித்தேன். முன்பு தேர்வுக்காகத் தாண்டிப் போன பக்கங்களில்தான் விஷயமே இருந்தது. அதற்கடுத்த விடுமுறை நாளில் அவருடைய செய்முறை நோட்டைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதைச் சாக்காக வைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்குக் கிளம்பினேன்.

மார்ச் மாதம். சாலையின் ஒரு பக்கம் பாத்திகளில் உப்பு பூத்துக் கண் கூசியது. மறுபக்கம் தர்பூசணிக் கடைகள். எடை மேடையின் கேபினுக்குள் இருந்தபடி அக்கா, மேடைமேல் நின்ற லாரியின் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். எண் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குகிறது, மெஷினில் கோளாறு என்று டிரைவர் சொல்ல, அக்கா பொறுமையாக, நீங்கள் வேகமாக வந்து பிரேக் பிடித்ததில் வண்டி இன்னும் குலுங்கிக்கொண்டிருக்கிறது, இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நில்லுங்கள் என்றார். அவர் இறங்கினார். எண் நின்றது. சீட்டு வந்தது. டிரைவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். நான் வந்த காரணத்தை மறைக்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கிறது, சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன்னிடமும் பாதி இருக்கிறது என்றார்.

கேபின் மூலையில் உப்பு மூட்டை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். அறுபத்து மூன்று காட்டியது. சட்டென்று முழங்காலை மடக்கிக் குந்தினார். எண் ஐம்பதுக்குக் கீழே விழுந்து, அவர் குந்தி முடித்ததும் எழுபதைத் தாண்டிப் போய், திரும்ப அறுபத்து மூன்றுக்கு வந்தது. இன்னொருமுறை செய்து காட்டினார்.

"நான் இளைக்கவும் இல்ல, பெருக்கவும் இல்ல சார். பூமியும் அப்படியேதான் இருக்குது. இந்தத் தராசு என்னை எவ்ளோ மேல தள்ளுதோ, அதைத்தான் காட்டுது. பதினாலு வருஷமா எடைன்னு நான் எழுதிக் குடுத்ததெல்லாம் தள்ளுதான்."

தினமும் இப்படிக் குந்தி எழுவதைப் பார்த்து, அக்கா உடம்பைக் குறைக்கிறார் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஒரு கதை சொன்னார். கல்யாணமான புதிதில் அவரும் உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். அன்னக்கூடை நிறைய உப்பை வாரித் தலையில் வைத்துக்கொண்டு, சாய்த்துப் போட்ட பலகைமேல் ஏறி லாரியில் கொட்ட வேண்டும். ஒருநாள் பலகை நழுவிவிட்டது. கீழே குவித்து வைத்திருந்த உப்பின்மேல் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது எல்லோரும் வலிக்கிறதா என்று கேட்டார்கள். அவர் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

"விழும்போது தலையில இருந்த கூடை கனக்கவே இல்ல சார். கழுத்தை அமுக்கிக்கினு இருந்த பாரம், பலகை நழுவுன உடனே காணாமப் போச்சு. கூடை தலைமேலதான் இருக்குது, ஆனா இல்லாத மாதிரி. ஒண்ணு ரெண்டு எண்றதுக்குள்ள கீழ வந்துட்டேன். ஆனா அது பொய் இல்ல."

பயத்தில் அப்படித் தோன்றியிருக்கும் என்று கணவர் பாலகுருவும் சொன்னாராம். அக்கா நம்பவில்லை. இருபது வருஷமாக அந்தக் கூடையை யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தராசில் குந்திப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. கூடையும் விழுந்தது, அவரும் விழுந்தார். ஒன்றை ஒன்று தள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போனது. தராசைக் காலில் கட்டிக்கொண்டு விழுந்திருந்தால் பூஜ்யம் காட்டியிருக்கும்.

நான் ஒரு வாரம் புத்தகத்தில் தேடியதன் ஆரம்பமே இதுதான். பொதுச் சார்பியல் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. விழுகிறவனுக்குப் பாரம் தெரியாது என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் அதை மெய்யாக எடுத்துக்கொண்டால், விழுகிறவனை யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிறது. அப்படியானால் அவன் ஏன் தரையை நோக்கி வருகிறான்? அங்கேதான் என்னுடைய பாதி தேவைப்பட்டது.

அதை விளக்க உருண்டையாக ஏதாவது வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பாலகுரு சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு கையில் கேரியர், இன்னொரு கையில் நல்ல பெரிய தர்பூசணி. வாத்தியார் வந்திருப்பதாக அக்கா போனில் சொல்லியிருக்கிறார். பழம் எனக்காக வாங்கியது. நான் பாதிப் பேச்சிலேயே எழுந்து அதை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவர் கத்தி எடுக்கப் போனார். வெட்டாதீர்கள் என்று தடுத்தேன்.

சீட்டு அடிக்கும் மெஷினிலிருந்து குறுகலான தாள் சுருளில் இரண்டு துண்டு கிழித்துத் தரச் சொன்னேன். காகிதப் பட்டையைக் கசங்காமல், எந்தப் பக்கமும் திருகாமல் ஒட்டிக்கொண்டே போனால் அது நேராக மட்டும்தான் போகும். முதலில் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டினோம். எவ்வளவு தூரம் போனாலும் அவற்றுக்கு இடையே இருந்த இடைவெளி மாறவில்லை. அடுத்து, தர்பூசணியை நிறுத்தி வைத்து, அதன் நடுவயிற்றில் இரண்டு விரல் இடைவெளி விட்டு இரண்டு பட்டைகளையும் ஒரே திசையில் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு போனோம். இரண்டும் நேராகவே போயின. ஆனால் நெருங்கி நெருங்கி, காம்புக்குப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன.

அக்கா பட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். இதில் யார் யாரை இழுத்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். யாரும் இழுக்கவில்லை, பழம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். நிறை செய்வது இதைத்தான். பக்கத்தில் நிறை இல்லாத வெட்டவெளி, மேசை மாதிரி. பூமி மாதிரி ஒன்று இருந்துவிட்டால் அதைச் சுற்றியிருக்கிற காலவெளி பழம் மாதிரி வளைகிறது. நிறை கூடக் கூட வளைவும் கூடும். நேராகப் போகிறவர்கள் நேராகப் போயே கிட்ட வந்துவிடுவார்கள்.

அவர் உடனே தலையை ஆட்டிவிடவில்லை.

"சரி சார், பட்டை ஓடுது, அதனால கிட்ட வருது. கையில பிடிச்சிருக்கிற கல்லு ஓடலையே. விட்டா ஏன் விழுது?"

துணியில் வைத்த கோலியைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி. இந்தமுறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சும்மா இருக்கிற கல்லும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். கேபின் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினேன். காலவெளியில் ஒரு திசை காலம். அதில் நிற்க யாராலும் முடியாது. பழத்தில் மேல்நோக்கிய திசையைக் காலம் என்று வைத்துக்கொண்டால், சும்மா உட்கார்ந்திருப்பதே அந்தப் பக்கமாகப் பயணம்தான். பூமிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் வளைந்திருப்பதே அந்தக் காலம்தான். தரையில் இருக்கிற கடிகாரம் உயரத்தில் இருப்பதைவிட மிக மிகக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. வெளியே நின்ற லாரிகளில் வழி காட்டுகிற போன்கள் எல்லாம் செயற்கைக்கோளிடம் நேரம் கேட்டுத்தான் இடம் கண்டுபிடிக்கின்றன. உயரமும் வேகமும் சேர்ந்து அந்தக் கடிகாரங்களை நாளொன்றுக்கு முப்பத்தெட்டு மைக்ரோ வினாடி முந்த வைக்கின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் வழி பல கிலோமீட்டர் தப்பிப் போகும்.

இதற்குள் ஒரு லாரி வந்தது. அக்கா போய் எடை பார்த்தார், சீட்டு கொடுத்தார். திரும்பி வந்தபோது நடை வேறு மாதிரி இருந்தது.

"அப்ப விழற கல்லுதான் நேராப் போவுது. நாமதான் சார் வளைஞ்சு போறோம். நேராப் போக விடாம இந்தத் தரை நம்மளைத் தள்ளிக்கினே இருக்குது. அந்தத் தள்ளுதான் எடை."

நான் கொண்டுவந்த பாதியையும் அவருடைய பாதியையும் ஒரு லாரி எடை போடுகிற நேரத்தில் இணைத்துவிட்டார். இவ்வளவையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாலகுரு, அப்படியென்றால் அன்றைக்குக் கூடை கனக்கவில்லை என்று சொன்னது நிஜந்தானா என்று என்னிடம் கேட்டார். நிஜம்தான் என்றேன். அவர் மனைவியைப் பார்த்து, "அப்பவே நான் நம்பியிருக்கணும்" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேரியரைத் திறந்தார். பிறகு பட்டைகளை உரித்துவிட்டுப் பழத்தை வெட்டினோம்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறன்று எங்கள் மையத்தில் கருத்தரங்கு. ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேச வேண்டும். மதிப்பெண் போட வெளியிலிருந்து காசிலிங்கம் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் வந்திருந்தார். கண்டிப்பானவர், சிரிக்க மாட்டார் என்று பேர். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பேசினார்கள். தையல்நாயகி அக்கா ஒரு மூட்டைத் தராசையும் இரண்டு தர்பூசணிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பாலகுரு, தோளில் கோணிப்பைகளோடு.

தாமதமாக வந்ததற்கு அக்கா மன்னிப்புக் கேட்டார். கீழ்புத்துப்பட்டில் பஸ் சடாரென்று நின்றபோது ஒரு பழம் மடியிலிருந்து உருண்டு டிரைவர் சீட் வரைக்கும் ஓடிவிட்டதாம். கண்டக்டர் கோபித்துக்கொண்டிருக்கிறார். "பழம் நேராத்தான் போச்சுங்க, பஸ்தான் நின்னுடுச்சுன்னேன். அவருக்குப் புரியல" என்று அக்கா சொன்னதும் மொத்தக் கூடமும் சிரித்தது. காசிலிங்கம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசில் குந்திக் காட்டினார், பழத்தில் பட்டை ஒட்டினார். பிறகு எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் நிரப்பியிருந்தார். முதல் மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்று, ஓட்டையை அடைத்திருந்த விரலை எடுத்தார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாட்டிலை அப்படியே விட்டார். கீழே கோணிப்பைகளை அடுக்கிவைத்துப் பாலகுரு காத்திருந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பாட்டில் கோணியில் விழுந்து வெடித்தது. சரியாகப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்ற காசிலிங்கத்தின் வெள்ளை வேட்டி முழங்கால் வரை சிவப்பாகிவிட்டது.

பாலகுரு தோள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பேராசிரியர் அவரைக் கையமர்த்திவிட்டு, போனில் படம் பிடித்த நிவேதாவிடம் போய்க் காட்டச் சொன்னார். நிவேதா மெதுவாக ஓட்டிக் காட்டினாள். கை விட்ட கணத்தில் பீய்ச்சல் அறுந்து நின்றுவிட்டது. பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுந்ததால், அந்தக் கூடையைப் போலவே தண்ணீருக்கும் கனம் இல்லை; பாட்டில் விழுகிற வரைக்கும் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. காசிலிங்கம் அதை மூன்றுமுறை பார்த்தார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்து, "இன்னொரு பாட்டில் இருக்குதாம்மா?" என்றார்.

இருந்தது. அதையும் விட்டார்கள். இந்தமுறை அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

கூடத்துக்குத் திரும்பியதும் கேள்விகள் தொடங்கின. தர்பூசணி மாதிரியில் என்ன குறை என்று காசிலிங்கம் கேட்டார். பழம் வெளியை மட்டும் காட்டுகிறது, காலத்தைக் காட்டவில்லை, ஒரு திசையைக் காலம் என்று நாமாகப் பேர் வைத்துக்கொள்கிறோம் என்றார் அக்கா. நிறை எவ்வளவு இருந்தால் எவ்வளவு வளையும் என்று அடுத்த கேள்வி. அதற்குச் சமன்பாடு இருக்கிறது, அந்தக் கணக்கு தனக்கு இன்னும் வரவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். கடைசியாக, நிறை ஏன் காலவெளியை வளைக்கிறது என்றார் பேராசிரியர்.

அக்கா தராசை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வளைக்குதுன்னு தெரியும் சார். ஏன்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காசிலிங்கம் பேனாவை மூடி வைத்தார். "தெரியாதும்மா" என்றார். அப்புறம் அவர் சிரித்ததை இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள்.

எல்லாம் அதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. கணிதத் தாளில் அக்கா தோற்றுப் போனார். வகைக்கெழுச் சமன்பாடுகள் அவரை ஒரு வருஷம் படுத்தி எடுத்தன. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கணக்குப் போட்டார். முதலாளி சடையப்பன் கேபினில் ஒரு கரும்பலகை மாட்டிக் கொடுத்தார். காத்திருக்கும் டிரைவர்கள் அதைப் பார்த்து ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதாகப் பாலகுரு சொல்வார். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவதுமுறை எழுதியதில் அக்கா தேறினார். இயற்பியலில் மையத்திலேயே அதிக மதிப்பெண். என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். அந்த லெக்கின்ஸ் துணியை டிரம்மிலிருந்து கழற்றிப் பலகை துடைக்க வைத்துக்கொண்டேன்.

பட்டம் கைக்கு வந்த அன்று பாலகுரு என்னையும் கூப்பிட்டார். மூன்று பேரும் கோட்டக்குப்பத்தில் ஒரு பிரியாணிக் கடையில் உட்கார்ந்தோம். எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்திருப்பதாக அக்கா சொன்னார். இலக்கியா போன் செய்து, நீ டாக்டர் பட்டம் வாங்குவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன் என்று கிண்டல் பண்ணினாளாம். இலையில் பிரியாணி வந்து விழுந்தது. அக்கா கையை வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"சார், ஒளிக்கு நிறையே கிடையாது. ஆனா சூரியன் பக்கமா வர்ற நட்சத்திர ஒளி வளையுதுன்னு புத்தகத்துல போட்டிருக்குது. நிறை இல்லாததை எது இழுக்கும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அப்புறம் பாத்தா, இழுக்கறதுன்னு ஒண்ணும் இல்லையே, ஒளியும் நேராத்தானே போவுது, பாதைதானே வளைஞ்சிருக்குது. சரிதானே?"

சரிதான் என்று சொல்லிவிட்டு, அந்த வளைவில் பாதி காலத்தால் வருவது, பாதி வெளியால் வருவது என்று இலையின் ஓரத்தில் விரலால் கோடு போட ஆரம்பித்தேன். அக்கா கைப்பையைத் திறந்து பேனா தேடினார். பாலகுரு எங்கள் இருவர் இலையிலும் ஆளுக்கொரு முட்டையை வைத்து, ஆறிப்போகும், முதலில் சாப்பிடுங்கள் என்றார்.